இரண்டு பிக்சல்

பதினாறு வருட வேலையை
ஆயிரத்து ஐந்நூறு எழுத்துக்குள் சொல்லச் சொல்கிறது படிவம்.
பெட்டியின் மூலை வளைவு நான்கு பிக்சல்.
யாரும் கேட்காமலே கண் அளந்துவிடுகிறது,
அது கெட்டுப்போய்க் கனகாலம்.

2008. வின்னிபெக், செல்கர்க் தெரு,
பியரோகிக் கடைக்கு மேல்மாடி.
மூன்று மேசை, ஒரு ஜன்னல், நாள் முழுக்க
வெங்காயம் வதங்கும் வாசம்.
ஒக்சானா படமாக வரைந்து தருவாள்
நான் அதை வெட்டுவேன், மூலை வட்டங்களுக்கு
நான்கு துண்டு தனியாக.
அப்போது ஒரு பழைய உலாவி இருந்தது.
சம்பந்தி வீட்டுக் கோபம் அதற்கு:
காரணம் தெரியாது,
சமாதானம் செய்தே ஆகவேண்டும்.

அங்கே கட்டியவை
பல் வைத்தியர்கள் ஏழு பேர்
ஹொக்கி மட்டை விற்கும் ஒருவர்
ஒரு லூத்தரன் தேவாலயம்
பிறகு மாநகரத்துக்கு ஒரே ஒரு பக்கம்,
வாகனத் தண்டம் கட்டுவதற்கு.
அதன் பொத்தான் இரண்டு பிக்சல் இடப்பக்கம் சாய்ந்தது.
விடு கௌசிகா, என்றாள் ஒக்சானா,
தண்டம் கட்ட வருகிறவன் அழகா பார்ப்பான்.

2013இல் பெரிய கட்டடம், போர்ட்டேஜ் அவெனியு.
காலையில் நின்றபடி கூட்டம்.
நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன?
தடை: பிள்ளைக்கு இரவெல்லாம் காய்ச்சல்.
தடையில்லை என்றேன்.
ஒரு வங்கியின் நீலத்துக்காக
பன்னிரண்டு பேர் ஒரு கிழமை சண்டை பிடித்தோம்.
நீலத்துக்குள் அத்தனை நீலம் இருப்பது
கடலோரத்தில் பிறந்த எனக்கே தெரியாது.

2017 முதல் 2019 வரை எழுத ஒன்றுமில்லை.
வெற்றிடத்துக்கும் அளவு கொடுக்கவேண்டும்,
கொடுக்காவிட்டால்
கீழே இருப்பது சரிந்து மேலேறிவிடும்.
இது எனக்குத் தெரியும்.
படிவத்துக்குத் தெரியவில்லை,
சிவப்பு எழுத்தில் காரணம் கேட்கிறது.

அதன்பின் வீட்டு மேசை.
மருத்துவமனை முன்பதிவுப் பக்கம், இருபத்து மூன்று மொழிகளில்.
என் பெயரைப் பார்த்துத் தமிழை என்னிடம் தந்தார்கள்.
கொம்பு ஒரு வரியில், எழுத்து மறு வரியில்.
மெய் வந்து சேராத இடங்களில்
புள்ளிகளால் ஒரு வட்டம்,
ஆள் வராத பந்தியில் இலை மட்டும் போட்டதுபோல.
இந்த வட்டம் என்ன, என்று கேட்டான் ரெய்னால்டோ.
உயிர் வந்துவிட்டது, மெய் இன்னும் வரவில்லை என்றேன்.
திரையில் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தான்.
பிறகு 'குறைந்த அவசரம்' என்று குறித்துக்கொண்டான்.
ஒரு சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல்
எல்லா மெய்யையும் கொண்டுவந்து சேர்த்தேன்.

போன நவம்பரில் பதினைந்து நிமிடக் காணொளி அழைப்பு.
அணி சுருங்குகிறது, நன்றி, மடிக்கணினிக்குப் பெட்டி வரும்.
வெளியேறும் பொத்தான் மட்டும்
நல்ல சிவப்பு, சரியான இடைவெளி,
தவறவே முடியாத இடத்தில்.

இன்று காலை குளிர் முப்பத்தொன்று, பூச்சியத்துக்குக் கீழே.
காரின் முன்னால் மின்வயர் தொங்குகிறது,
கண்ணாடியில் தண்டச் சீட்டு உறைந்து ஒட்டியிருக்கிறது.
உள்ளே ஏறி, கைபேசியில் அந்த முகவரியைத் தட்டினேன்.

சாம்பல் பட்டை. வெட்டி ஒட்டிய வட்ட மூலைகள்.

பல் வைத்தியர்களை மூன்று முறை மாற்றிக் கட்டிவிட்டார்கள்.
தேவாலயம் இப்போது உடற்பயிற்சிக் கூடம்.
வங்கியின் நீலம் பச்சையாகிவிட்டது.
இதை மட்டும் யாரும் தொடவில்லை.
கைபேசிகளுக்கென்று செய்யாத பக்கம்,
இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன்.
அங்கேதான் இருந்தது, சாய்ந்தபடி.
எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு
இதை அழுத்தியிருப்பார்கள்?

கையுறையைக் கழற்றினேன்.
நடுவில் அழுத்தவில்லை,
கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி அழுத்தினேன்.

எழுபது டொலர்.
ஏற்றுக்கொண்டது.