வடகிழக்குத் தூண்

கூரைக்கு மேலே நான்கு தூண்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன.
ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு கம்பிகள்.
மாடி எடுக்கும்போது வேண்டும் என்று
அதெமார் அறுக்காமல் விட்டுப்போனது.
விட்டுப்போனது என்றால்
பதினோரு வருடம் முன்னால்,
சிமென்ட் கலக்கும் இயந்திரத்தையும் ஏற்றிக்கொண்டு,
ஆற்றுக்கு அக்கரையில் ஒருத்தியிடம்.

சால்த்தோவில் பாதி வீடுகளின் தலை இப்படித்தான்,
சீப்புப் படாத முடி.

இந்த ஆகஸ்டில் மழை இல்லை.
ஆரஞ்சுத் தோப்புகளில் இலை சுருண்டது.
பழம் அடுக்கும் கூடத்தில் எங்களுக்கு
வாரம் மூன்று நாள்தான் வேலை என்றார்கள்.
எங்கள் தெருவில் ஈரமண் இருந்த ஒரே இடம்
என் பின்வாசல் குழாயடி.
வாஷர் தேய்ந்து, ராத்திரியெல்லாம் சொட்டும்.

முதலில் ஒன்று வந்தது. மறுநாள் அதன் ஜோடி.
செங்கல் நிற முதுகு, வெளுத்த தொண்டை,
சேற்றில் செருப்பு நனையாமல் போகிறவர் மாதிரி நடை.
ஹோர்னேரோ. அடுப்புக்காரன்.
ரொட்டி சுடும் மண் அடுப்பைப் போலவே
கூடு கட்டுவதால் அந்தப் பேர்.

அலகில் ஓர் உருண்டை மண்,
அதில் இரண்டு காய்ந்த புல், கொஞ்சம் குதிரைச் சாணம்.
குழாயடியிலிருந்து வடகிழக்குத் தூணுக்கு,
திரும்பக் குழாயடிக்கு.
மாத்தே குடிக்க வைத்த பிளாஸ்க் வெந்நீர் தீர்வதற்குள்
நாற்பத்து மூன்று நடை.

ஞாயிற்றுக்கிழமை அது வேலை செய்யாது,
கடவுளுக்குப் பயந்த பறவை என்பார்கள்.
பொய்.
ஞாயிறும் செய்தது. நான் வீட்டில்தான் இருந்தேன்.

ஹெபெரை வரச்சொன்னது இரண்டு வேலைக்கு:
குழாய்க்கு வாஷர்,
தூண்களில் கம்பி அறுப்பு.
மாடி வேண்டாம். மேலே தகரம் போதும்.
அதற்குப் பணமும் சேர்ந்துவிட்டது.

ஏணி வைத்து ஏறியவன்
கொஞ்ச நேரம் இறங்கவே இல்லை.
"உள்ளே ஒரு தடுப்புச் சுவர் வைத்திருக்கிறது" என்றான் மேலிருந்தே,
"வாசல் காற்று நேராகப் படுக்கைக்குப் போகாமல்.
உன் சமையலறைக்கும் இதைத்தான் சொன்னேன்,
அந்த ஆள் கேட்டால்தானே."

வாஸ்தவம்.
ஜூலை மாதம் கதவைத் திறந்தால்
என் அடுப்பு இன்றைக்கும் அணைகிறது.

குழாயையாவது பார்க்கட்டுமா என்றான்.
அடுத்த வாரம் என்றேன்.
அடுத்த வாரமும், அடுத்த வாரம் என்றேன்.
தண்ணீர் ரசீதைப் பிரித்துப் படித்துவிட்டு
சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

விடிகாலை ஐந்தேகாலுக்கு
இரண்டும் தலைக்கு மேல் நின்று, சிறகை உதறி,
ஒரே குரலாகக் கத்தும்:
தகரத்தில் கோலிக்குண்டுகளைக் கொட்டியதுபோல்.
வேலை இல்லாத நாளிலும் எழுந்தேன்.
திட்டினேன். பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றினேன்.

டிசம்பரில் மூன்று குஞ்சுகள்
அப்பன் ஆத்தாளோடு எதிர்வீட்டு வேலிக்குப் போயின.
இரண்டே நாளில் மஞ்சள் குருவி ஜோடியொன்று
முன்பணம் பேசாமல் குடிவந்தது.

ஹெபெர் ரம்பத்தோடு வந்தான்.
மூன்று தூண்கள், பன்னிரண்டு கம்பிகள்.
ஒவ்வொன்றும் முற்றத்தில் விழ
பக்கத்து வீட்டு நாய் பன்னிரண்டு முறை குரைத்தது.
நான்காவது தூணுக்கு ஏணியை நகர்த்திவிட்டு
அவன் என்னைப் பார்த்தான்.
நான் புது வாஷர் போட்ட குழாயடியில் குனிந்து
இன்னும் சொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தகரத்தில் அந்த மூலையை மட்டும் வெட்டி விடவா?"

எவ்வளவு கூட ஆகும் என்று கேட்டேன்.