கை என்று ஒரு வேர்

புக்கிட் பாத்தோக் காப்பிக்கடையில்
தே-ஓ கொசோங் கேட்டேன். சீனியோடு வந்தது.
திருப்பி அனுப்பினேன்.
மறுபடியும் சீனி.
மறுபடியும் அனுப்பினேன்.

"நீங்க கொஞ்சம் ஹை மெயின்டனன்ஸ்போல"
என்று சிரித்தார் நந்தகோபன்,
காப்புறுதி முகவர், முப்பத்தெட்டு வயது,
அத்தை பார்த்துச் சொன்ன மூன்றாவது வரன்.

நானும் சிரித்துவிட்டேன்.
அந்தச் சொல்லின் பாதியை
முதுகில் அச்சடித்த சட்டையோடுதான்
பதினொரு வருடமாய்
மின்தூக்கிப் பெட்டிகளின் தலைமேல் நிற்கிறேன்.

எங்கள் பேட்டையில் ஒரு தூக்கி
எட்டாம் மாடியில் மட்டும் அரை அங்குலம் தாழ்ந்து நிற்கும்.
அந்த அரை அங்குலத்தில் சக்கர நாற்காலி தடுக்கும்.
போய்ச் சரிசெய்வோம். மழைக்குப் பிறகு மறுபடி தாழும்.
மறுபடி போவோம்.
அதை யாரும் கேலி செய்ததில்லை.

இரவு, இயந்திர அறையில்,
மோட்டார் சூடு ஆறும்வரை கைப்பேசியில் அகராதி பார்த்தேன்.
மெயின் என்றால் பிரெஞ்சில் கையாம்.
மீதி, பிடித்திருத்தல்.
எந்திரத்துக்கும் புல்தரைக்கும் சொல்லிவந்ததை
யாரோ ஒரு பொறியாளன்
காதலில் தோற்ற சாயங்காலம்
ஒரு பெண்மேல் ஒட்டியிருப்பான்.
(இது அகராதியில் இல்லை. என் ஊகம்.)

விடாமல் நம் பராமரிப்பையும் தேடினேன்.
வடமொழியிலிருந்து வந்ததாம்.
தொடுதல், தடவிப் பார்த்தல் என்று போட்டிருந்தது.
அங்கேயும் கைதான்.

கம்பிவடத்தைச் சோதிக்க
பழந்துணியைச் சுற்றிப் பிடித்து
மெல்ல ஓடவிடுவோம்.
கண்ணுக்குத் தெரியாமல் அறுந்த இழை இருந்தால்
துணியைக் கவ்வி இழுக்கும்.

அப்போதுதான் நினைவு வந்தது.
அவரும் கொசோங்தான் கேட்டார்.
"போன மாசம்தான் டாக்டர் சொன்னார்" என்றுகூட.
அவருக்கும் சீனியோடுதான் வந்திருக்கும்;
ஒரே தட்டில் வந்த இரண்டு குவளை.
அவர் குவளையின் அடியில்
கரையாத சீனி ஒரு விரலளவு.
முழுவதும் குடித்திருந்தார்.

முனகுகிற தூக்கிக்கு நான் பயப்படுவதில்லை.
புகார்ப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லாத தூக்கி இருக்கிறதே,
அதன் தண்டவாளத்தருகே போகும்போது
இடுப்புப் பட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன்.

"உங்க தேயிலும் சீனி இருந்துச்சே,
ஏன் ஒண்ணும் சொல்லல?"
என்று அனுப்பினேன். பதினொன்றேகால்.

இரண்டு நீலக் கோடு.
எழுதுகிறார்.
நிறுத்துகிறார்.
எழுதுகிறார்.