வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மேடவாக்கம் டாங்க் ரோட்டில் நிறுத்தச் சொன்னதும்
ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக
எங்களை ஒருமுறை பார்த்தார்.
சின்ன வயதில் நாங்களே சொல்லிச் சிரித்த வசவுதான்:
கீழ்ப்பாக்கம் கேஸ்.
இன்று அதற்கு ஓ.பி. சீட்டும் எண்ணும் இருக்கிறது.

பெலிக்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.
துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்
ஹாரனில் தன் பெயரைக் கூப்பிடுகின்றன என்று
ஒரு வருடமாகச் சொல்கிறான்.
இங்கே லாரி இல்லை.
ஆனாலும் தலையைச் சாய்த்துக்கொண்டு
காத்திருக்கிறான், தன் முறைக்கு.

என் கையில் படிவம்.
ரத்த உறவில் யாருக்காவது?
உண்டு. பெரியப்பா லூர்து.
காசிமேட்டில் ஐஸ் உடைத்தவர்.
ஓர் ஈஸ்டர் விடியலில்
ஏலத்துக்கு வந்த மீனையெல்லாம்
பெட்டி பெட்டியாகக் கடலுக்கே திருப்பிக் கொடுத்தார்.
அப்புறம் அவரைப் பற்றி வீட்டில் பேச்சில்லை.
பெண் பார்க்க வருகிறவர்களிடம் மட்டும்
அவர் பிறந்த வருடமே இறந்துபோயிருந்தார்.

அடுத்த கேள்வி, குழந்தைப் பருவம்.
அரை வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

அம்மா போனதும் என்னைச் சித்தி
பெரம்பூருக்குக் கூட்டிப்போனாள்.
எனக்கென்று ஒரு தட்டு, தலைக்கு எண்ணெய்,
இருட்டினால் தேடி வர ஆள்.
அவன் ஆம்பளப் பையன், இருந்துக்குவான் என்றார்கள்.
இருந்தான்.
நைட் ஷிப்ட் போகும்போது அப்பா
அவனைக் குளியலறைக்குள் தள்ளி
வெளியே தாழ் போட்டுவிட்டுப் போவார்.
ஏழு வயது. ஒரு பக்கெட். சொட்டும் குழாய்.
"அந்தச் சொட்டுக்குத்தான் அக்கா
முதல்ல பேசக் கத்துக்குடுத்தேன்"
போன மாதம் சொன்னான், ஏதோ சாதனை போல.

ரத்தமா, அடியா என்று டாக்டரைக் கேட்டேன்.
பேனாவை மூடினார்.
ஒரு ஜீன் இல்லைம்மா, பொடிப்பொடியாய் நூற்றுக்கணக்கில்.
சுமந்துகொண்டே பேரன் பேத்தி எடுத்தவர்கள் எத்தனையோ பேர்.
அடிபட்ட பிள்ளைகளிலும் பெரும்பாலோர்
இந்தப் பக்கம் வருவதில்லை.
இரண்டும் ஒரே வீட்டில் சந்தித்தால் ஆபத்து கூடும்.
அப்போதும் கட்டாயமில்லை.

நான் கட்டட சூப்பர்வைசர்.
உப்பு மணலில் எழுப்பிய சுவர்
மழை வரும்வரை நல்ல சுவர்தான் என்று தெரியும்.
ஆனால் பெலிக்ஸ் சுவர் இல்லை.
அவனுக்கு வலித்தது.

லூர்து எனக்கும் பெரியப்பாதான்.
ராயபுரத்துக்கும் பெரம்பூருக்கும் நடுவே
நாலைந்து ஸ்டேஷன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம்
குளியலறைக்குள் என் மகள் யாரிடமோ பேசுகிறாள்.
கதவில் காதை வைத்தேன். முதுகு சில்லிட்டது.
"யாருடி உள்ள, ஷெரின்?"
"சோப்பு. வழுக்குது."

அப்போதுதான் பார்த்தேன், வெளிப்பக்கத் தாழ்ப்பாளை.
வாடகை வீட்டோடு வந்தது.
நான் போட்டதே இல்லை.
போட்டிருக்கிறேன். ஒரே ஒரு முறை.
கோபத்தில். பத்து எண்ணும்வரை.

ஸ்க்ரூ டிரைவர் தேடினேன்.
பெலிக்ஸ் மொபைல் டார்ச்சைப் பிடித்தான்,
எதற்கென்று கேட்கவில்லை.
மாத்திரையால் கை லேசாக ஆடியது,
வெளிச்சமும் கதவு மேல் ஆடியது.
மூன்று திருகு வந்துவிட்டது.
நாலாவது துரு.
இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுடா என்றேன்.
காட்டினான்.
உள்ளே ஷெரின் சோப்பைத் திட்டிக்கொண்டிருந்தாள்.