அம்பு ஸ்டிக்கர்

பதினாறு வருஷமாய் செக்கிங் டேபிள்.
ட்யூப் லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
ஒட்டியது ரிஜெக்ட் பெட்டிக்கு.

நாற்பதில் சர்க்கரை என்றார்கள்.
"நீங்க ஒல்லிதானுங்களே சாந்தாமணியக்கா,"
லைனே ஆச்சரியப்பட்டது.
மாத்திரை ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நான்கு.
அரிசியை விட்டேன். பஸ்ஸை விட்டு
வாவிபாளையத்திலிருந்து நடந்தே வந்தேன்.
ரத்தம் மட்டும் கேட்கவில்லை.
"ஒளிச்சு வெச்சு இனிப்புத் திங்கறீங்களா?"
கேட்ட டாக்டர் முன்னால்
ஐம்பத்துமூன்று கிலோ நாற்பத்துநான்காகி நின்றேன்.
ஜாக்கெட்டை மூன்று தடவை
நானே பிடித்துத் தைத்திருந்தேன்.

மூன்றாம் வருஷம் அவினாசி ரோட்டில்
கோகிலவாணி டாக்டர்
பழைய சீட்டுகளை மேஜையில் பரப்பினார்,
நான் துணி பார்ப்பது போலவே.
அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை? இல்லைங்க.
தைராய்டு? தங்கச்சிக்கு இருக்குதுங்க.
பேனா அங்கே நின்றது.
இரண்டு டெஸ்ட். ஒன்பது நாள்.
ஜிஏடி ஆன்டிபாடி: நிறையவே.
சி-பெப்டைடு: அடியில் கொஞ்சம்.

"இன்சுலின் சுரக்கற செல்லை
உங்க உடம்பே தப்புன்னு நெனச்சு அழிக்குதும்மா.
மெதுவா. வருஷக்கணக்கா."

வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.
உள்ளேயும் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்,
குனிந்த தலை நிமிராமல்
நல்ல பீஸுக்கெல்லாம் அம்பு ஒட்டிக்கொண்டு.
யார் அவளுக்குச் சூப்பர்வைசர்?

கேன்டீன் ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில்
பேரெழுதிய டப்பாவில் இன்சுலின் பேனா.
"ஊசிக்குப் போயாச்சா, அப்ப முத்திப்போச்சு,"
என்றாள் கொளுந்தியா.
முத்தலை, இத்தனை நாள் பேரு தப்பு என்றேன்.

ஒரு ஷிப்மென்ட் நாள்.
ஊசி போட்டுவிட்டேன். சோற்றுக்கு விடவில்லை.
பத்தே நிமிஷம் என்றார் சென்னியப்பன்,
நாற்பது ஆனது.
நாக்கு மரத்தது. வெள்ளைத் துணி அலையடித்தது.
ஒடிசாப் பொண்ணு மினோதிதான்
என் கையைப் பிடித்து நிறுத்தி
குளுக்கோஸைக் கரைத்துப் புகட்டினாள்.
கண் தெளிந்தபோது
பெட்டியில் முப்பத்தொரு பனியன்.
ஒன்றிலும் குறையில்லை.
எல்லாவற்றிலும் அம்பு.

இரண்டு பேருமாய் நகத்தால் உரித்தோம்.
சிலதில் பசை நின்றுவிட்டது.

உள்ளே இருப்பவளை
அன்றைக்குத் திட்டத் தோன்றவில்லை.
அவளுக்கும் அங்கே
வெளிச்சம் போதவில்லையோ என்னவோ.

ராத்திரி ஒன்பது மணி.
நேற்றைய இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி
பன்னிரண்டு யூனிட்.