மற்றவை

வெள்ளகோவிலில் டயர் கடைக்கு மேலே ஓர் அறை.
கீழே காற்றடிக்கும்போதெல்லாம் மேசை நடுங்கும்.
மேசைமேல் பதினொரு நீள நோட்டு,
ஆறு வருசத்து ஃபோன் அழைப்புகள்.
மில்லை விட்டு நின்ற பெண்கள்
ஏன் நின்றார்கள் என்று கேட்டுக் கேட்டு
எழுதினோம்.
எண்ணிப் பார்க்கவில்லை.

கோயமுத்தூரிலிருந்து ஜெசிந்தா வந்தாள்,
ஒரு மடிக்கணினி, ஒரு தூக்குப்போசித் தயிர்ச்சோறு.
"சொல்லித்தர வரலீங்க. எனக்கும் கேள்விதான் இருக்குது.
சேந்து பாக்கலாம்."
மகுடீஸ்வரி அக்கா நம்பவில்லை.
முன்னே வந்தவர்களும் நோட்டைப் படம் பிடித்துப்
போனவர்கள்தான்.
ஒரு வரி திரும்பி வரவில்லை.

முதல் வாரம் பெயர்களோடு மல்லுக்கட்டு.
சஞ்சுக்தா, சஞ்சித்தா, ஒடிசா சஞ்சு:
மூன்று பேரா,
ஒருத்தியே மூன்று முறை அழுதாளா?
அக்காவுக்குத்தான் தெரிந்தது. குரல் ஞாபகம்.
அதற்கு ஒரு கட்டம் எங்களிடம் இல்லை.

பெயர் வெளியே போனால் பிழைப்பு போய்விடும் என்று
எல்லோருக்கும் எண் போட்டோம்.
பெயர் நோட்டைப் பீரோவில் பூட்டி
சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் அக்கா.
மறுநாள் வந்ததும் சொன்னாள்:
"நூத்திப் பதினேழுக்குக் காச்சலுங்க.
ஆசுபத்திரிக்கு ஒரெட்டுக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தர்றேன்."

முன்னூற்றுத் தொண்ணூற்றொரு அழைப்பு.
திரையில் முதல் வரைபடம் எழுந்தது.
கல்யாணம் குட்டை. உடம்புக்கு முடியாதது அதைவிடக் குட்டை.
ஓரத்தில் ஒன்று மட்டும்
தீபக்கம்பம் மாதிரி நின்றது:
மற்றவை, இருநூற்றுப் பதினான்கு.

"இதைத் தள்ளீட்டுப் பாக்கறதுதான் வழக்கம்" என்றாள் ஜெசிந்தா.
அக்கா ஆறாம் நோட்டை எடுத்து விரித்தாள்.
ஓரத்தில் பென்சிலில் பொடியெழுத்து:
டோக்கன்.
"ஒன்னுக்குப் போறதுக்கு டோக்கனுங்க.
ஒரு ஷிஃப்டுல அறுவது பேருக்கு ரெண்டே ரெண்டு.
ஃபாரத்துல அதுக்கு எடமில்லை.
மற்றவைன்னு டிக் அடிச்சேன்."

ஃபாரம் டெல்லியில் அச்சானது.

பதினேழு நாள் ஓரங்களை மட்டும் படித்தோம்.
மில்லிலிருந்து நின்ற நாலு பேரும் வந்து உட்கார்ந்தார்கள்.
தலைப்புகளுக்குப் பெயர் அவர்கள் வைத்தது.
டோக்கன், எண்பத்து மூன்று.
பேர் சொல்ல மாட்டேன், அறுபத்தொன்று.
இப்படி ஒரு தலைப்பு இருக்கலாமா என்று ஜெசிந்தா இழுத்தாள்.
"கேட்டதுக்கு அப்படித்தானே சொன்னா" என்றாள் பூவாத்தாள்,
சொன்னவளே தானாக இருக்கலாம்.
ஜெசிந்தா தட்டச்சினாள்.

இப்போது கூட்டிக் கழிப்பது என் வேலை.
ஒருநாள் தப்பான கட்டத்தை இழுத்து
அத்தனை பேரையும் இரட்டிப்பாக்கிவிட்டேன்.
அக்கா திரையைப் பார்த்தாள்.
"இத்தன பேரு பேசியிருந்தா
என்ற காது அடைச்சிருக்கும். மறுக்காப் போடு."

டெல்லிக்கு ஒரே தாளில் அனுப்பச் சொல்கிறார்கள்.
மற்றவையில் இன்னும் ஏழு.
ஓரத்திலும் எழுத்தில்லை.
அழைத்தால் ஆறு எண்ணும் அணைந்து கிடக்கின்றன,
ஏழாவதை ஒரு குழந்தை எடுத்து
மூச்சு மட்டும் விடுகிறது.
தாளில் இடம் போதவில்லை.
அந்த ஏழை மட்டும் எப்படித் தள்ளுவது?
மெல்லிய கோடாக விட்டிருக்கிறோம்.
கீழே லாரிக்குக் காற்றடிக்கிறார்கள்,
மேலே அது நடுங்குகிறது.