இடது கால் தவளை

குழுக்கடன் தவணைக்கு வந்தவன்
என் நாய்க்குப் பயந்து
வேலி தாண்டி ஓடிய செவ்வாய்க்கிழமை
வாசலில் ஒரு செருப்பு கிடந்தது.
நீல ரப்பர், இடது கால்,
குதிகால் மட்டும் தேயாமல் தடியாக.
கேட்டு அவனும் வரவில்லை,
போன் போட்டு நானும் சொல்லவில்லை.

மாங்கூழ் கம்பெனி ஆடியோடு பூட்டிவிட்டது.
நகக்கண்ணில் மஞ்சள் மட்டும் பாக்கி.

பாரூர் ஏரிக் கெண்டைக்குக்
கேழ்வரகுக் களி போதும்.
இடித்த கடலைப் புண்ணாக்கு,
புளித்த மாங்கூழ் ஒரு கரண்டி,
கரையாமல் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் பஞ்சு.
கோலிக்குண்டு அளவில் உருட்டிக் கோத்தால்
ஜிலேபியும் ஏமாறும்.
சந்தையில் கிலோ நூறுக்குக் கேட்பார்கள்,
அதையும் மூக்கைச் சுளித்துக்கொண்டு.
விரால் என்றால் ஐந்நூறு.
ஆனால் விரால் களியைத் திரும்பிப் பார்க்காது.
அதற்கு உயிர் வேண்டும்,
இல்லையென்றால் உயிர் மாதிரி ஒன்று.

அரிவாள்மனையை அடுப்பில் காட்டிக்
குதிகாலை அறுத்தேன்.
ரப்பர் கருகும் நாற்றத்துக்குச்
சின்னபாப்பா சுவரோரம் எட்டிப் பார்த்து
"என்னக்கா, விருந்தா?" என்றாள்.
மூக்கைச் சீவினேன், முதுகை வளைத்தேன்.
கொக்கி இரண்டு, முனை மேல்நோக்கி,
முதுகோடு ஒட்டிப் படுத்தபடி:
பாசியில் மாட்டக்கூடாது,
வாயில் மாட்ட வேண்டும்.
பின்னங்காலுக்கு சைக்கிள் ட்யூப் கீற்று.
கண்ணுக்கு மகளின் ஸ்டிக்கர் பொட்டு,
மேலே நகப்பூச்சு இரண்டு தடவை.

தொட்டியில் விட்டேன்.
மல்லாந்தது.
செத்த தவளையை எவன் துரத்துவான்?
வயிற்றில் ஒரு திருகாணி முறுக்கினேன்,
தலைகுப்புறப் போனது.
அரை விரற்கடை பின்னுக்குத் தள்ளி முறுக்கினேன்.
உட்கார்ந்தது.
சுண்டி இழுத்தால் 'ப்ளக்'.
அந்தச் சத்தத்துக்குத்
தனியாக நின்று சிரித்தேன்.

விடியலில், மதகுக்கு மேற்கே
ஆகாயத்தாமரை விட்டுவைத்த இடுக்கில்
ஒரு பாய் அளவுக்கு நீர்
சிவந்து கொதித்துக்கொண்டிருந்தது.
பாசி என்று நினைத்தேன்.
தவளையை அதன் ஓரத்தில் எறிந்தேன்.
ஒரு தத்து.
இரண்டு.
மூன்றாவதற்கு முன்
தண்ணீர் வாய் ஆனது.

ஒன்றே கால் கிலோ.
அறுநூற்று இருபத்தைந்து சொல்லி
ஐந்நூற்று எண்பதுக்கு விட்டேன்.
வாங்கிய ஓட்டல் நஞ்சப்பன்
வயிற்றைக் கீறிக் காட்டினார்:
"ஒண்ணுமே இல்ல பாரு.
குஞ்சு காக்கும்போது சரியாத் தின்னாது.
பசிக்குக் கடிக்கல இது,
கோவத்துல கடிச்சிருக்கு."
தவணை ஐந்நூற்று அறுபது.
இருபது ரூபாய்க்கு முட்டை வாங்கினேன்.

மறுநாள் போனேன்.
பாய், துண்டு அளவுக்குச் சுருங்கியிருந்தது.
இன்னொரு விரால் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது.
எறியவில்லை என்று சொன்னால்
நல்லவளாகத் தெரிவேன்.
எறிந்தேன்.
அது கடிக்கவில்லை.
தவளைக்கும் குஞ்சுகளுக்கும் நடுவில் வந்து
வாயை மூடிக்கொண்டு நின்றது,
அவ்வளவுதான்.
நான் நரம்பைச் சுருட்டிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அவன் வந்தான்,
புதுச் செருப்பு, கழற்றாமல்.
நாயைக் கட்டியிருந்தேன்.
பணத்தை இரண்டு முறை எண்ணிப்
பாஸ்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டவன்
ஆணியில் தொங்கியதைப் பார்த்தான்.
"நல்லா இருக்கேக்கா, எங்க வாங்கினது?"
"வாங்கல, வந்துச்சு."
பல் பட்ட இடத்தில்
நீலம் கிழிந்து உள்ளே வெள்ளை தெரிந்தது.
அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்,
இடது காலை மட்டும்
கொஞ்சம் பின்னால் இழுத்து.