ஏறும் வேகம்

நூறுன்னு சொல்லித்தானே குடுத்தீங்க,
பன்னிரண்டுதானே காட்டுது என்கிறார்
சத்துவாச்சாரி ஃபேஸ் டூவில் புனிதவதி டீச்சர்.
எட்டால் வகுக்கணும்ங்க,
நாங்க விக்கிறது பிட், உங்க லேப்டாப் எண்ணுறது பைட்.
கணக்கு டீச்சர் அவர்.
மனசுக்குள் வகுத்துவிட்டு
அப்பவும் அரை குறையுதே என்றார்.
அந்த அரைக்கு என்னிடம் பதிலில்லை.

வீட்டு லைன் அப்படித்தான்.
தெருமுனைப் பெட்டியில் ஒற்றை இழை
முப்பத்திரண்டாகப் பிரியும்.
சாயங்காலம் விளக்கு வைத்ததும்
முப்பத்திரண்டு வீடும் ஒரே குழாயில் குடம் வைக்கும்.
அறுந்துபோனால்
புகார் பதிவாகியுள்ளது என்று
ஒரு பெண்குரல் சொல்லும், மூன்று நாளைக்கு.

பேரணாம்பட்டு ஷூ கம்பெனிக்கு வெறும் இருபது.
டீச்சர் வாங்குவதில் ஐந்தில் ஒரு பங்கு,
வாடகை மட்டும் இருபத்தைந்து மடங்கு.
ஆனால் அது யாரோடும் பங்கில்லாத இருபது.
இறங்குவதும் இருபது, ஏறுவதும் இருபது.
இடதுகால் மாதிரியின் படம் இத்தாலிக்குப் போகும்போது
வழியில் எவனும் குறுக்கே வர மாட்டான்.
அறுந்தால் நாலு மணி நேரத்துக்குள் ஒட்டியாகணும்.
தாண்டினால் கம்பெனி அபராதம் கட்டும்,
கட்டியதை என்னிடம் பேசும்.

இன்றைக்கு வந்தது மூன்றாவது வகை.
பாபுராவ் தெரு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால்,
வங்காள எழுத்தில் பலகை போட்ட லாட்ஜ்.
மூன்று மாடி, இருபத்திநாலு அறை,
மேனேஜர் தயாநிதியின் மனைவி பேரில்
ஹோம் நாற்பது.
"தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
இப்ப நெட் இல்லாத ஃபைபர்" என்று சிரித்தார்.
சிரிக்க வைத்தால் எழுத மாட்டேன் என்று நினைப்பு.

எழுதத்தான் வந்தேன்.
வீட்டுத் திட்டத்தில் தொழில் நடந்தால் துண்டிப்பு.

பதினேழாம் நம்பரில் தபன் ஹால்தார்,
பன்கான் பக்கம் ஊராம்.
மனைவியின் ஸ்கேன் சிடியை
பாராசாத்தில் இருக்கும் டாக்டர் மச்சானுக்கு
அனுப்பிக்கொண்டிருந்தார், மத்தியானத்திலிருந்து.
முப்பத்தொன்று சதவீதம்.
ரூம்பாய் சுதாகரன் தன் வங்காளத்தில் கேட்டுச் சொன்னான்:
"சினிமா ஓடுதாம்ண்ணா, இது மட்டும் ஏன் போகலைன்னு கேக்குறாரு."

ஓடும்.
நாற்பது இறங்கும், நாலுதான் ஏறும்.
வீட்டில் இருப்பவனுக்கு
வெளியே சொல்ல என்ன இருக்கப் போகிறது என்று
எவனோ ஒருத்தன் கணக்குப் போட்டிருக்கிறான்.
அந்த நாலில்தான்
இருபத்துமூன்று அறையும் முகம் காட்டிக்கொண்டிருந்தது
ஊரில் விட்டுவந்த பிள்ளைகளுக்கு.

ரவுட்டரைத் திறந்து
பதினேழை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினேன்.
நாற்பத்தி நாலு. ஐம்பது.
பக்கத்து அறைகளில் முகங்கள் கட்டம் கட்டமாக உறைந்தன,
யாரோ ஹலோ ஹலோ என்று கத்தினார்கள்.

படிவத்தில் இரண்டு கட்டம்: வீடு, வணிகம்.
நடையில் கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசம்.
கைப்பிடிச் சுவரில் நைட்டி, குழந்தை உடை, ஒரு கூம்புத் தொப்பி,
மொட்டையடித்த தலைக்கு.
மூன்று மாசமா இங்கதான் சமையல் என்றான் சுதாகரன்.
தயாநிதி நாள் வாடகை அறுநூறு வாங்குகிறார்.
பேனா இரண்டு கட்டத்துக்கும் நடுவில் நின்றது.

அறுபத்து நாலில் போன் வந்தது.
பள்ளிகொண்டா டோல் பக்கம் ஜேசிபி வாரிவிட்டது,
பேரணாம்பட்டு டவுன்,
மணி ஓட ஆரம்பித்துவிட்டது.
வீடு என்று டிக் அடித்து, மடித்துச் சட்டைப்பையில் போட்டு
வண்டியை எடுத்தேன்.

டார்ச்சை வாயில் கவ்வி
குழிக்குள் உட்கார்ந்து ஒட்டி முடித்தபோது
மூணு மணி ஐம்பது நிமிஷம்.
அங்கே விளக்கு பச்சையாகிவிட்டதாம்.
மண் கையோடு சுதாகரனைக் கூப்பிட்டேன்.

"பதினேழா? தெரியலண்ணா,
லைட் அணைஞ்சிருக்கு. எழுப்பவா?"

வேண்டாம் என்றேன்.